நார்பர்ட் க்ளெம்கே திருடிய பேஸ்கள்

நார்பர்ட் க்ளெம்கே காலையில் பல் தேய்த்துவிட்டு வந்தால் பொண்டாட்டி முகத்தைப் பார்க்கமாட்டான். சமையலறைச் சுவரில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், மூன்றடி அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தான். அதைத்தான் பார்ப்பான். குறுக்கெழுத்து, மீன்பிடி, பௌலிங், மவுத் ஆர்கன், தக்காளிச் செடி, தூக்கம் என்று அவன் வாழ்க்கையில் இருந்த சகலமும் அதில் கட்டம் கட்டமாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்டிங் சராசரி.

"குறுக்கெழுத்து முந்நூத்திப் பன்னண்டு!" என்று காபி ஊற்றிக்கொண்டே அறிவிப்பான். "போன வாரம் வெறும் இருநூத்தித் தொண்ணூறு. ஃபார்முக்கு வந்துட்டேன் டோரீன்."

பேஸ்பாலில் பத்துக்கு மூன்று முறை ஒழுங்காக அடித்தாலே தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள். அதைத்தான் ஆயிரத்துக்குக் கணக்குப் போட்டு முந்நூறு என்பார்கள். மீதி ஏழு முறை மண்ணைக் கவ்வியதைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். நார்பர்ட்டுக்கு அந்த விளையாட்டு ஏன் அவ்வளவு பிடித்தது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ரப்பரைத் தொடாமல் குறுக்கெழுத்தை முடித்தால் ஹோம் ரன். ராத்திரி கழிப்பறைக்கு எழுந்திருக்காமல் விடிந்தால் முழு ஆட்டம் தனி ஆளாய் ஆடியதாகக் கணக்கு. அவன் ஏரிக்குப் போய் வெறுங்கையோடு வந்தால் அது மழையால் ரத்தான ஆட்டம், சராசரியில் சேராது. மழையே பெய்யவில்லையே என்று கேட்டால், "வானம் மூட்டமா இருந்துச்சு" என்பான். பலகைக்கு ஸ்கோரரும் அவன்தான், ஆட்டக்காரனும் அவன்தான், பிறகென்ன?

தன்னோடு நிறுத்தியிருந்தாலாவது தொலைகிறது என்று விட்டிருக்கலாம். டோரீனுக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தான். அவளுடைய வெள்ளிக்கிழமை மீன் வறுவல் முந்நூற்று நாற்பது. கொத்துக்கறியைப் பிசைந்து சுடுகிற மீட்லோஃப் நூற்றுத் தொண்ணூறு. அது ரொம்பவும் இறங்கிப்போனதால் ஒருநாள் அதைக் 'கீழ் லீக்குக்கு' அனுப்புவதாகப் பலகையில் எழுதிவிட்டான். அன்றைக்கு டோரீன் மீட்லோஃபை அப்படியே தட்டோடு எடுத்துக்கொண்டுபோய் கராஜில் அவன் வேலை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். "கீழ் லீக் அங்கதான இருக்கு? போய் அங்கயே உக்காந்து சாப்பிடு" என்றாள். அப்போதெல்லாம் அவள் நன்றாகச் சண்டை போடுவாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருபது வருஷம் உட்கார்ந்தவள், வாய்க்கு அஞ்சுகிறவள் இல்லை.

அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவன் கொடுத்த பரிசை வெஸ்ட் அலிஸ் வட்டாரத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டை வருமே, அதேபோல டோரீன் படம் போட்டு ஒரு அட்டை அச்சடித்திருந்தான். முன்னால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவளுடைய இருபத்தைந்து வருஷக் கணக்கு. கடைசி வரியில் 'பிழைகள்: 41'.

"நாப்பத்தொண்ணா?" என்றாள் டோரீன்.

"இருபத்தஞ்சு சீசனுக்கு அது ரொம்பக் கம்மி, கண்ணு. பாராட்டாத்தான் போட்டேன்."

"உன்னோடது எத்தன?"

"என்னோடது ஜீரோ."

"கராஜக் கொளுத்தினியே, அது?"

"அது பந்து கல்லுல பட்டுத் திரும்பின மாதிரி. அதுக்கு ஆட்டக்காரன் பொறுப்பில்ல."

டோரீன் அன்றைக்குக் கோபப்பட்டாள், பிறகு சிரித்தாள், பிறகு அந்த அட்டையை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினாள். சிரித்தாள் என்பதைத்தான் நார்பர்ட் பிடித்துக்கொண்டான். மூடன்!

நாற்பத்திரண்டாவது பிழை போன ஜூலையில் வந்தது.

பிக்கிள்ஸ் என்று ஒரு கிழட்டு நாய் இருந்தது. காது மந்தம், ஒரு கண் தெரியாது, டோரீனின் செருப்பில் தலைவைத்துத்தான் தூங்கும். அன்றைக்கு நார்பர்ட் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, மேட்ச் ஆரம்பித்துவிட்டது என்று உள்ளே ஓடினான். வீட்டின் பக்கவாட்டுக் கேட்டைச் சாத்தவில்லை. நாய் தெருவுக்குப் போய்விட்டது. கார்க்காரன் பாவம், அவன்மேல் தப்பில்லை, அவனே இறங்கி அழுதான்.

டோரீன் நாயைப் போர்வையில் சுற்றிப் புதைத்துவிட்டு, கையெல்லாம் மண்ணாக உள்ளே வந்தால், பலகையில் அவள் பெயருக்கு நேரே நாற்பத்தொன்று நாற்பத்திரண்டாகியிருந்தது.

"இது என்ன?"

"சாயங்காலம் நாயப் பாக்குறது உன் பொசிஷன், டோரீன். பந்து உன் பக்கம் வந்துச்சு. நீ கேட்டச் செக் பண்ணல. நான் வருத்தத்தோடதான் எழுதினேன்."

அவள் கத்தினாள். தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "கேட்டத் தொறந்து போட்டது நீ! உன் கைடா அது, உன் கை! உன் பேருக்கு நேரா எழுது! ஒரே ஒரு தடவ எழுது!" என்று கத்தினாள். நார்பர்ட் பதறவே இல்லை. விதிகளை எடுத்து நிதானமாக விளக்கினான். மறுநாளும் அவள் கேட்டாள், கத்தாமல், கெஞ்சிக் கேட்டாள். அப்படிக் கேட்டது அவளுக்கே அவமானமாக இருந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு தடவை கேட்டபோது அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"தீர்ப்ப மாத்தணும்னா ஸ்கோரருக்கு இருபத்திநாலு மணி நேரந்தான் டயம். விதி அப்படி. தாண்டிருச்சு, கண்ணு."

டோரீன் அதற்கு மேல் கேட்கவில்லை. "சரி, நார்பர்ட்" என்றாள்.

அன்றிலிருந்துதான் நார்பர்ட்டின் பொற்காலம் தொடங்கியது. வாக்குவாதம் என்று ஒரு புதுக் கட்டம் போட்டான். வாக்குவாதத்தில் ஜெயித்தால் ஒரு பேஸைத் திருடியதாகக் கணக்கு. பேஸ் என்பது மைதானத்தின் நாலு மூலைகளில் ஓடித் தொடவேண்டிய இடம். பந்து வீசப்படும் நேரம் பார்த்து ஓடுகிறவன் அடுத்த பேஸுக்குப் பாய்வான், அடிக்கிறவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்ச்சர் (இந்த வீட்டில் டோரீன்) பந்தை எறிந்து அவனை அவுட்டாக்கப் பார்ப்பாள், அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் பேஸ் திருடப்பட்டது. நார்பர்ட் ஓடினான், ஓடினான், அப்படி ஓடினான். தெர்மோஸ்டாட் எத்தனையில் இருக்க வேண்டும், நன்றி சொல்லும் நாளுக்கு யார் வீட்டுக்குப் போக வேண்டும், புது நாய் வாங்கலாமா கூடாதா. எல்லாவற்றிலும் "சரி, நார்பர்ட்." ஒரு தடவைகூட அவுட் இல்லை. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த ஏப்ரலில் டோரீன் காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்டாள். அவள் அக்கா வடக்கே டுலூத் நகரத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாள். வயதாகிவிட்டது, கூட்டாளியாக வா என்று கூப்பிடுகிறாள். மாடியில் தனி வீடு, ஜன்னலைத் திறந்தால் ஏரி. நார்பர்ட்டும் தண்ணீர் இலாகாவில் ஓய்வு பெறப் போகிறான்.

"நான் போகலாம்னு இருக்கேன். நீயும் வர்றியா?" என்றாள். அவள் அதை லேசாகக் கேட்கவில்லை. மேஜை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள்.

நார்பர்ட் எழுந்து பலகைக்குப் போனான். டுலூத்துக்கும் ஸ்டேடியத்துக்கும் எத்தனை மைல், அங்கே எத்தனை மாதம் பனி, பனிக்காலத்தில் தன்னுடைய மீன்பிடிச் சராசரி எவ்வளவு இறங்கும் என்று நாற்பது நிமிஷம் எழுதி எழுதி விளக்கினான். பேனாவில் மை தீர்ந்து வேறு பேனா எடுத்தான். கடைசியில், "ஆக, போறது முட்டாள்தனம்னு நிரூபணம் ஆயிருச்சு" என்றான்.

டோரீன் காபிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "சரி, நார்பர்ட்" என்றாள்.

அவன் அதை ஹோமைத் திருடியதாகவே எழுதிக்கொண்டான். சாதாரணப் பேஸ் இல்லை, ஹோம்! ஓடுகிறவன் எங்கே புறப்பட்டானோ அங்கேயே வந்து சேருகிற இடம் அது. கேட்ச்சர் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பாள், பந்து அவள் கைக்கேதான் வரும். அவள் கண்ணெதிரே அதைத் திருடுவது என்றால் ஒரு சீசனுக்கு ஒருவன் செய்தாலே பெரிய விஷயம். நார்பர்ட் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டான்.

இதை ஹார்லனிடம் சொல்லாமல் அவனால் எப்படி இருக்க முடியும்?

ஹார்லன் வில்மோவ்ஸ்கி எழுபத்தாறு வயதுக்காரர். வடக்கே ஒரு சின்ன லீக் மைதானத்தில் காலம் பூராவும் ஸ்கோரராக இருந்தவர். அடித்தது நல்ல அடியா, தடுத்தவன் பிழையா என்று மேலே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற வேலை. ஒரு ஆட்டக்காரனின் அம்மா மகன்பேரில் எழுதிய பிழையை அழிக்கச் சொல்லி ஆப்பிள் பை கொண்டுவந்தாளாம். அந்தப் பலகாரத்தைத் தின்றுவிட்டு, பிழையை அப்படியே விட்டாராம். நார்பர்ட் இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதர் வார்த்தைக்குக் கட்டுப்படுவான் என்றால் அது அவர்தான். "ஹார்லன் சொன்னா சொன்னதுதான்" என்று டோரீனிடமே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்துக்கு முன்னால் ஸ்டேடியம் பார்க்கிங்கில் வழக்கம்போல எல்லாரும் கூடினார்கள். காரின் பின்கதவைத் திறந்துபோட்டு, அடுப்பு மூட்டி, பீரில் வெங்காயத்தோடு வேகவைத்த சாசேஜை ஹார்லன் சுட்டுக்கொண்டிருந்தார். டோரீன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பன் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பௌலிங் கூட்டாளி ரோலி, கையில் பீரோடு, காசில்லாமல் கூத்துப் பார்க்கிற உற்சாகத்தில் இருந்தான்.

"போன ஜூலையிலிருந்து ஒரு வாக்குவாதம் தோக்கல" என்று நார்பர்ட் ஆரம்பித்தான். "பத்தொம்பது பேஸ் திருடிருக்கேன், ஒரு அவுட் இல்ல. அதுல ஒண்ணு ஹோம்!"

"டேய், அடிச்சு விடாத" என்றான் ரோலி. "டோரீன்கிட்டயா? என் பொண்டாட்டிகிட்ட நான் சாக்ஸ் விஷயத்துலகூட ஜெயிச்சதில்ல."

"கேளு அவளையே! டுலூத்துக்குக் குடிபோகலாம்னா. நாப்பது நிமிஷம் ஓடினேன். 'சரி, நார்பர்ட்'னுட்டா. பூ மாதிரி முடிஞ்சது."

"அம்மாடி! டோரீன், என்னாச்சு உனக்கு? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

டோரீன் பன்னை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஹார்லன், ஒரு தீர்ப்புச் சொல்லணும் நீங்க. முறைப்படி."

"சொல்லும்மா."

"அவன் ஹோமுக்கு ஓடினது நெசம். அது திருட்டுதானா?"

நார்பர்ட் சிரித்தான். "கேளுங்க ஹார்லன், என்ன வேணா கேளுங்க. ஒளிக்க ஒண்ணுமில்ல."

கிழவர் இடுக்கியைக் கீழே வைத்தார். தீர்ப்பு என்றால் அவர் சாசேஜ் சுட்டுக்கொண்டே சொல்லமாட்டார். "கேட்ச்சர் பந்த எறிஞ்சாங்களா?"

"இல்ல" என்றாள் டோரீன்.

"எறியலாம்னு கையத் தூக்கினாங்களா?"

"இல்ல. காபி கப்பக் கழுவிட்டிருந்தேன்."

"ஓடுறவன் வர்றான்னு தெரியுமா? கவனிக்காம விட்டுட்டாங்களா?"

"நல்லாத் தெரியும். பேனா மாத்தினதுகூடத் தெரியும்."

ரோலி சிரிக்க வாயைத் திறந்தான். ஹார்லனின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"ஆட்டம் எந்தக் கட்டத்துல இருந்துச்சு?" என்றார் ஹார்லன். குரல் இறங்கிவிட்டது.

"ஒம்போதாவது இன்னிங்ஸ். கடைசி."

"ஸ்கோரு?"

"அவன் எந்தப் பேஸுக்கு ஓடினாலும் இனிமே அது மாறாது, ஹார்லன்."

அடுப்பில் கொழுப்பு சொட்டிப் பொரிந்தது. பக்கத்துக் காரில் யாரோ பாட்டை உரக்க வைத்தார்கள். ஹார்லன் தொப்பியை எடுத்துத் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அப்ப அது திருட்டில்ல, நார்ப். பாராமுகம்னு எழுதணும். தடுக்கவேண்டியவங்க தடுக்க நெனைக்கவே இல்லன்னா, ஓடினவனுக்கு அதுல பேரு கெடையாது. கணக்குல வராது."

நார்பர்ட்டுக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. "என்ன ஹார்லன் இது! பாராமுகம் ரெண்டாவது பேஸுக்கு இருக்கலாம், மூணாவதுக்கு இருக்கலாம். ஹோமுக்குப் போய் யாராவது சும்மா விடுவாங்களா? ஹோமுக்கு ஒருத்தன் ஓடி வர்றப்ப பந்தக் கைல வச்சுக்கிட்டுச் சும்மா நிக்கிற கேட்ச்சர் உலகத்துல உண்டா?"

"நானும் பாத்ததில்லடா" என்றார் ஹார்லன். "அதான் கவலையா இருக்கு."

இந்த இடத்தில் மனுஷனுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்ததா? "சரி, அது ஒண்ணு போகட்டும்" என்றான் நார்பர்ட். "மத்த பதினெட்டு?"

ஹார்லன் டோரீனைப் பார்த்தார்.

"நான் கடைசியா எறிஞ்சது பிக்கிள்ஸுக்காக" என்றாள் அவள். "அதுக்கப்புறம் எறியல."

ரோலி பீரைத் தரையில் வைத்தான். நார்பர்ட் வாய் அசைந்தது. பத்தொன்பதிலிருந்து பத்தொன்பதைக் கழித்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. அன்றைக்கு ஆட்டத்தில் உள்ளூர் அணி ஜெயித்தது. என்ன ஸ்கோர் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

திரும்பி வரும்போது காரில் கேட்டான்: "நீ டுலூத் போகல இல்ல?"

"மாசக் கடைசில போறேன்."

"ஆனா நீ சரின்னு சொன்னே!"

"போறது முட்டாள்தனம்னு நீ சொன்னே. சரின்னேன். போகலன்னு நான் எப்பச் சொன்னேன்?"

 அடுத்த நாட்களில் நார்பர்ட் பலகையைத் தொடவில்லை. குறுக்கெழுத்து காலியாகக் கிடந்தது. சமையலறையில் டோரீன் பெட்டிகளில் பாத்திரங்களை அடுக்கும்போது வாசலில் வந்து நிற்பான், எதையோ சொல்ல வருவான், தக்காளிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று போய்விடுவான். போகும்போது கேட்டைச் சாத்துவான். திரும்பிவந்து மறுபடி இழுத்துப் பார்ப்பான். நாயில்லாத வீட்டுக் கேட்டை எத்தனை தரம் சாத்தி என்ன?

அவள் கிளம்புகிற காலையில் அக்கா மகன் பெரிய பெட்டிகளை முன்னாலேயே லாரியில் எடுத்துப் போய்விட்டான். டோரீன் காரில் ஏறிக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருந்தாள். வீட்டுக்குள் ஏதோ பிய்கிற சத்தம் கேட்டது, அப்புறம் "அய்யோ" என்று ஒரு சத்தம். கதவு திறந்தது. நார்பர்ட் அந்த மூன்றடிப் பலகையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, பாதை தெரியாமல், படிகளில் தடுமாறி இறங்கி வந்தான். சுவர்ச் சுண்ணாம்பு தலையெல்லாம் கொட்டியிருந்தது. பலகையின் ஓரத்தில் திருகாணி ஒன்று சுவரின் ஒரு துண்டோடு தொங்கிக்கொண்டிருந்தது.

காருக்குப் பக்கத்தில் வந்து பலகையைத் தரையில் ஊன்றி நிறுத்தினான். மற்றதெல்லாம் துடைக்கப்பட்டிருந்தது. மீன்பிடி இல்லை, பௌலிங் இல்லை, திருடிய பேஸ் ஒன்றும் இல்லை. நடுவில் இரண்டே வரி. டோரீன், பிழைகள் 41. நார்பர்ட், பிழைகள் 1.

"கேட்டத் தொறந்து போட்டது நான்" என்றான்.  "நான்தான் டோரீன். அன்னிக்கே தெரியும் எனக்கு. இருபத்திநாலு மணி நேரம் தாண்டிருச்சு, தெரியும், இருந்தாலும் மாத்தி எழுதிட்டேன்."

டோரீன் பலகையைப் பார்த்தாள்.  இப்போது அவள் கத்துவாள் என்று நார்பர்ட் காத்திருந்தான். ஒரே ஒரு பிழைதானா, வெட்கமில்லையா என்று அவள் கேட்க வேண்டும், கராஜை எடுக்க வேண்டும், மீட்லோஃபை எடுக்க வேண்டும், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி அவனைத் திட்ட வேண்டும். அப்படிக் கத்தினால் போதும், அவன் எல்லாவற்றிலும் தோற்கத் தயாராக இருந்தான். ஐம்பது பிழை வேண்டுமானாலும் எழுதிக்கொள்வான்.

"ஏதாச்சும் சொல்லு" என்றான். "திட்டு. டோரீன், கண்ணு, எதயாச்சும் எடுத்து எறி."

அவள் முகத்தில் கோபம் இல்லை. கனிவாகத்தான் பார்த்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"சரி, நார்பர்ட்" என்றாள்.

கார் பின்னால் நகர்ந்து தெருவில் திரும்பியது. முனையில் நின்று, சிக்னல் போட்டு, வடக்கே போனது.